கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணில் லேசர் போட்டால் பாதிப்பு வருமா?

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பார்வை மங்குகிறது, லேசர் போடச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக யாக் லேசரைத்தான் சொல்லியிருப்பார்கள். என் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் அதைச் செய்தோம். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சிலவற்றைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

முதலில், அம்மாவுக்குப் புரை திரும்ப வளரவில்லை. ஆபரேஷனில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பையை விட்டுவைத்து, அதற்குள்தான் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். பையின் ஓரத்தில் மிஞ்சிய செல்கள் நாளடைவில் பின்பக்கச் சவ்வில் படர்வதால்தான் மங்கல். நன்றாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் இது வரும், அதனால் டாக்டர் மேல் வருத்தப்படாதீர்கள். வயது குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகமாகவே வரும். லேசர் அந்தச் சவ்வின் நடுவில் 3, 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். 1980-களின் தொடக்கத்தில் பாரிஸில் டேனியல் அரோன்-ரோசாவும் சுவிட்சர்லாந்தில் ஃபிரான்ஸ் ஃபாங்கௌசரும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் கண்ணுக்குள் ஊசியை விட்டுத்தான் சவ்வைக் கிழிக்க வேண்டியிருந்தது.

செய்வது சில நிமிட வேலை. கண்பாப்பாவை விரிக்கவும் கண் மரத்துப்போகவும் சொட்டு மருந்து விடுவார்கள், மெஷினில் முகவாயை வைத்து உட்காரச் சொல்வார்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்கும், அப்பாவுக்கு வலியே இல்லை. அன்று சில மணி நேரம் கண் கூசும், மங்கலாகத் தெரியும். அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் எல்லோரும் சொல்வது, கண்ணுக்குள் கொசு பறப்பது போல இருக்கிறது என்பதுதான். உடைந்த சவ்வுத் துணுக்குகள் உள்ளே மிதப்பதால் வருவது அது. அப்பாவும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார், அப்புறம் தானாகக் குறைந்துவிட்டது. முதல் சில மணி நேரத்தில் கண் அழுத்தம் கூடலாம், அதற்கு ஒரு சொட்டு மருந்து விட்டுப் பலர் அழுத்தத்தை மறுபடி அளந்து பார்ப்பார்கள். அம்மாவுக்குக் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லேசான உள் அழற்சிக்குச் சில நாள் சொட்டு மருந்து தருவார்கள். செயற்கை லென்ஸில் சின்னப் புள்ளி விழுவதும் உண்டு, பொதுவாக அது பார்வையைக் கெடுப்பதில்லை.

நான் உண்மையிலேயே அழுத்திச் சொல்ல விரும்புவது விழித்திரை, அதாவது கண்ணின் பின்பக்கம் இருக்கும் ரெட்டினா பற்றி. லேசருக்குப் பிறகு விழித்திரை விலகுவது அபூர்வம், ஆனால் நடக்கும். கிட்டப்பார்வை அதிகமாக இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். லேசர் முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் வரலாம். மின்னல் வெட்டுவது, திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொத்தாகத் தோன்றுவது, பார்வையின் ஒரு ஓரம் இருண்டு மறைவது, இதில் எது வந்தாலும் அன்றே விழித்திரை டாக்டரிடம் போக வேண்டும். கண் வலிக்கவில்லையே என்று அம்மா சொன்னாலும் கேட்காதீர்கள். விழித்திரை விலகும்போது வலி இருக்காது. விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்துப் பார்வை மங்குவதும் சிலருக்கு உண்டு.

அதனால் லேசருக்குச் சம்மதிக்கும் முன், "மங்கலுக்கு இந்தச் சவ்வுதான் காரணமா, விழித்திரை நன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம் கேளுங்கள், விழித்திரையில் கோளாறு என்றால் லேசர் போட்டும் பார்வை தெளியாது. இன்னொன்று, உள்ளே வைத்த லென்ஸே சரியில்லை, மாற்றலாமா என்ற யோசனை ஏதாவது இருந்தால் அதை முதலில் முடிவு செய்யுங்கள். சவ்வைத் திறந்துவிட்ட பிறகு லென்ஸை எடுத்து மாற்றுவது கஷ்டமாகிவிடும்.

பெரியவர்களுக்குத் திறந்த இடம் மறுபடி மூடுவது மிக அரிது, பொதுவாக ஒரு தடவை போதும். புதுக் கண்ணாடி வாங்குவதாக இருந்தால் சில வாரம் பொறுத்து, பார்வை நிலைத்த பிறகு பவர் பார்த்து வாங்குங்கள்.