பின்தொடர்ந்து வந்த மலைச்சிங்கம் குறித்து

வணக்கம். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைப் பாதையில் அந்திப் பொழுதில் ஒரு மலைச்சிங்கம் (பூமா எனப்படும் பெரிய காட்டுப்பூனை) உங்களையும் சிறுமியான உங்கள் மகளையும் சில நிமிடங்கள் பின்தொடர்ந்ததாகவும், அது உங்களை இரையாகக் கருதியதா என்ற அச்சம் இன்னும் தீரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது பதுங்காமல் கண்முன்னே சீறியபடி, முன்னங்கால்களால் தரையை அறைந்து பாய்வதுபோல் வந்து நின்றுவிட்டது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அருகில் குட்டிகளை வைத்திருந்த தாய் உங்களை அங்கிருந்து விலக்கவே முயன்றிருக்க வேண்டும். இரை தேடும் மலைச்சிங்கம் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

2020 அக்டோபரில் யூட்டா மாநிலத்தின் ஸ்லேட் கேன்யனில் ஓடச் சென்ற ஒருவரை ஒரு தாய் மலைச்சிங்கம் ஏறக்குறைய ஆறு நிமிடங்கள் இப்படித்தான் தொடர்ந்தது. அவர் முதுகைக் காட்டாமல், உரக்கக் குரல் கொடுத்தபடியே பின்னோக்கி நடந்து, இறுதியில் கல்லெறிந்த பிறகே அது திரும்பி ஓடியது. நீங்களும் ஓடாமல் நின்றது மிகச் சரி.

குழந்தை உடனிருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மகளை ஒருபோதும் முன்னே ஓடவிடாதீர்கள், விலங்கைக் கண்டால், இயன்றவரை குனியாமல், பார்வையை அதன்மீதிருந்து எடுக்காமல் அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். தாக்கினால் படுத்துவிடாமல் கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும். 2024 மார்ச்சில் எல் டொராடோ மாவட்டத்தில் ஓர் இளைஞர் இறந்தது, கலிபோர்னியாவில் 20 ஆண்டுகளில் மலைச்சிங்கத்தால் நேர்ந்த முதல் உயிரிழப்பு. இத்தகைய உயிரிழப்பு அவ்வளவு அரிது; ஆகவே மலையேற்றத்தைக் கைவிட வேண்டாம். அந்தி, விடியல் வேளைகளை மட்டும் தவிர்த்து, கண்ட இடத்தை மாநில வனவிலங்குத் துறைக்குத் தெரிவித்துவிடுங்கள்.