ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலியில்) தொடர்புகளைப் பதியும் லாகிங் மென்பொருளில், ரோட்டரின் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரின்) போர்ட் தெரிகிறது, ஆனால் ஆன்டெனா திரும்பவில்லை. என்ன செய்வது?

இதே பிரச்சினையோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவன் நான். ரோட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸை நீங்களும் அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு வைத்துத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் லாகிங் மென்பொருளை மூடிவிடுங்கள். போர்ட்டுக்கு நேரடியாக எழுத்து அனுப்பும் ஒரு டெர்மினல் நிரலில் அதே போர்ட்டைத் திறந்து, ஆங்கில 'சி' எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். ரோட்டருக்குக் கட்டளை அனுப்பும் ஜிஎஸ்-232 முறையில் "இப்போது எந்தத் திசை?" என்று கேட்பது அதுதான். கூட்டல் குறியோடு 0055 போல வந்தால் அது ஏ வகை. சமக்குறியோடு வந்தால் பி வகை. மென்பொருளிலும் அதே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் இதைச் செய்யாமல் கேபிளைச் சந்தேகப்பட்டேன். புது யுஎஸ்பி கேபிள் வாங்கினேன். மதுரை ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடிக் கம்பத்தில் ஏறி ரோட்டர் கனெக்டரையும் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் டெர்மினலில் தட்டினேன், பதில் உடனே வந்தது.

கோளாறு இதுதான்: மென்பொருள் போர்ட்டைத் திறந்தவுடன் அர்டுயினோ ஊனோ தானாக ரீசெட் ஆகிறது. அது மறுபடி எழுவதற்குள் முதல் கேள்வி போய்விடுகிறது, பதில் இல்லை என்று மென்பொருள் கைவிட்டுவிடுகிறது. இந்த ரீசெட்டைத் தடுக்க ரீசெட் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டேன், பிளஸ் கால் ரீசெட் பக்கம். லண்டன் நிலையம் ஒன்றைச் சொடுக்கியதும் யாகி ஆன்டெனா 321 டிகிரிக்குத் திரும்பியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அர்டுயினோவில் புது நிரல் ஏற்றும்போது மட்டும் கெபாசிட்டரைக் கழற்றிவிடுங்கள்.

விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒரே நிரல்தான் பிடிக்க முடியும். லாகிங்கும் சாட்டிலைட் நிரலும் சேர்ந்து வேண்டுமென்றால், போர்ட்டை ஹாம்லிப் தொகுப்பில் உள்ள ரோட்சிடிஎல்டி (rotctld) என்ற இடைநிலை நிரலிடம் கொடுத்துவிட்டு, மற்றவற்றை 4533 என்ற நெட்வொர்க் போர்ட் எண் வழியாக அதோடு பேச வையுங்கள். மென்பொருளில் கொடுத்திருக்கும் லொகேட்டரையும் (உங்கள் இடத்தைக் குறிக்கும் குறியீட்டையும்) பாருங்கள். மதுரைக்கு எம்ஜே99. அது தப்பென்றால் எல்லாத் திசையும் தப்பு.

"ரெடிமேட் இன்டர்ஃபேஸ் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். கையால் செய்ததால்தான் எங்கே தவறு வரும் என்று எனக்குத் தெரிகிறது. "கம்ப்யூட்டர் திருப்பினால் அது ரேடியோவா?" என்று கேட்கும் மூத்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: திருப்புவதுதான் கம்ப்யூட்டர், பேசுவது நான்தான்.

எனக்கு உண்மையான தலைவலி எங்கள் குடியிருப்புச் சங்கம்தான். டிவி படம் உடைந்தால் என் ஆன்டெனாதான் காரணமாம். ரேடியோவைத் தொடாமல் நான் ஊருக்குப் போயிருந்த வாரத்திலும் புகார் வந்தது. மத்திய அரசு கொடுத்த உரிமத்தைக் காட்டினால் வாங்கிப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறார்கள். தேர்வு எழுதி வாங்கிய உரிமம் அது.

சரி, 'சி'க்கு என்ன பதில் வந்தது என்று கமென்டில் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.