எடை இறங்காவிட்டாலும் பலன் உண்டா?

நடுத்தர வயதில் கூடுதல் எடையுடன் உடற்பயிற்சி தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் வயது 49, எடை 84 கிலோ. மருத்துவர் சொன்னதன் பேரில் நான்கு மாதங்களாகத் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஒன்றரை கிலோதான் குறைந்திருக்கிறது. தூக்கம் நன்றாக வருகிறது, முன்போல எரிச்சல்படுவதில்லை. ஆனால், ‘எடை இறங்காத நடையால் என்ன பயன்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடருங்கள். வீட்டிலுள்ளவர்கள் கேட்ட கேள்விக்கான பதில், தூக்கத்தையும் எரிச்சலையும் பற்றி நீங்கள் எழுதிய வரியிலேயே இருக்கிறது.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 150 கலோரி செலவாகும். அந்த அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய பங்கைக் கழித்தால், நடைக்கென்று மிஞ்சுவது 100 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் ஒரு பகுதியை, பசியைச் சற்றுக் கூட்டியும் மற்ற நேரத்து அசைவுகளைக் குறைத்தும் உடல் ஈடுகட்டிக்கொள்ளும். ஆகவே உணவில் மாற்றம் செய்யாமல் நடையை மட்டும் நம்புகிறவருக்கு எடை மெதுவாக இறங்குவதோ இறங்காமலே நிற்பதோ வியப்பில்லை. அது நடையின் தோல்வியும் அல்ல.

எடை குறைவதற்கும் நலமாக உணர்வதற்கும் எவ்வளவு தொடர்பு என்பதை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு நேரடியாகவே சோதித்தது. மாதவிடாய் நின்ற, உடலுழைப்பு இல்லாத, அதிக எடையுள்ள, ரத்த அழுத்தம் சற்றே ஏறியிருந்த 464 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் பயிற்சியின்றி வழக்கம்போல இருக்க, மற்ற மூன்று பிரிவினர் வாரத்துக்குச் சராசரியாக 72, 136, 192 நிமிடங்கள் என வெவ்வேறு அளவில் ஆறு மாதங்கள் பயிற்சி செய்தார்கள். மிகக் குறைந்த அளவான 72 நிமிடப் பிரிவிலும் இதய-நுரையீரல் திறன் உயர்ந்தது. 2009இல் வெளியான வாழ்க்கைத் தரம் பற்றிய முடிவுகள் உங்களுக்கு இன்னும் நெருக்கமானவை: பயிற்சியின் அளவு கூடக் கூட உற்சாகம், மனநலம், அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் ஆகியவை கூடின, எடை மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு தளரவில்லை. எடை இறங்காதவர்களும் நலமாகவே உணர்ந்தார்கள் என்று பொருள். உடல் வலி ஒன்று மட்டும் இந்த வரிசைக்குள் வரவில்லை. இவை பங்கேற்றவர்களே வினாத்தாளில் சொன்ன பதில்கள் என்பதையும், தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அப்படிக் கழிவு போட்டுப் பார்த்தாலும், அளவுக்கு ஏற்பப் பலன் படிப்படியாக உயர்ந்ததை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எடை மெஷினை விட்டுவிட மனமில்லை என்றால், கூடவே இடுப்புச் சுற்றளவையும் அளந்து வாருங்கள். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, மொத்த எடை மாறாதபோதும் பயிற்சியால் குறையக்கூடியது.

கேள்வி: வயது 53. ஜிம்மில் சேர்ந்தேன். டிரெட்மில்லில் எனக்குப் பிடித்த வேகத்தில் நடக்கும்போது நன்றாக இருக்கிறது. பயிற்சியாளர் வந்து வேகத்தைக் கூட்டியதும் எப்போது முடியும் என்றாகிவிடுகிறது. இப்போது போகவே பிடிக்கவில்லை. இது சோம்பேறித்தனமா?

பதில்: இல்லை. உங்களைப் போன்ற நடுத்தர வயதுப் பெண்களிடமே இது ஆராயப்பட்டிருக்கிறது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத பெண்களை முதலில் அவரவர் விரும்பிய வேகத்தில் டிரெட்மில்லில் நடக்க விட்டார்கள். வேறொரு நாளில், அதைவிடப் பத்து சதவீதம் கூடுதலான வேகத்தை ஆய்வாளர்களே வைத்தார்கள். இயல்பான எடையுள்ள பெண்களின் மனநிலையை அந்தக் கூடுதல் வேகம் பெரிதாக மாற்றவில்லை. அதிக எடையுள்ள பெண்களுக்கோ நடக்கும்போதே இன்ப உணர்வு இறங்கிவிட்டது. திரையில் 5.0 என்ற எண் 5.5 ஆவது பயிற்சியாளரின் கண்ணுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அதுதான் அந்தப் பத்து சதவீதம். கூடுதல் எடையைச் சுமந்து நடப்பவருக்கு, அதே வேகம் அவருடைய முழுத் திறனில் பெரும் பங்கைக் கேட்கிறது. மூச்சிரைப்பு தொடங்கும் எல்லையும் விரைவில் வந்துவிடுகிறது.

பயிற்சியாளர்களைக் குறை சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டுவதுதான் அக்கறை என்று அவர்களில் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனாலும் வேகப் பொத்தான் உங்கள் கையில் இருக்கட்டும் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் அது மிதமான பயிற்சிதான். ஆரோக்கியத்துக்கு அது போதும். மேலும் கூட்ட நினைத்தால், வேகத்துக்கு முன்னால் நேரத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஒதுக்க முடிவதில்லை. பத்து நிமிடங்களுக்குக் குறைவாக நடந்தால் கணக்கில் வராதாமே?

பதில்: அது பழைய விதி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதை நீக்கிவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு என்பது இலக்கு; அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். இலக்கை எட்டாவிட்டாலும், ஒன்றும் செய்யாதிருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல்.

கேள்வி: முழங்கால் வலி இருக்கிறது. எடையைக் குறைத்த பிறகு பயிற்சி தொடங்கலாமா, வலியோடே தொடங்கலாமா?

பதில்: மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலி என்று மருத்துவர் உறுதி செய்திருந்தால், காத்திருக்கத் தேவையில்லை. உடற்பயிற்சி அந்த வலிக்கான சிகிச்சைகளில் ஒன்று. குறிப்பாகத் தொடைத் தசை வலுப்பெற வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். கடினமாக இருந்தால் நாற்காலியின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ‘தொப்’பென்று விழாமல் உட்காரும் அந்த இறக்கத்தில்தான் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது. தசைகளுக்கான பயிற்சியை வாரத்தில் இரண்டு நாட்களாவது செய்ய வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் உள்ளது. செய்யும்போது லேசாக வலித்து மறுநாளைக்குள் தணிந்துவிட்டால் கவலையில்லை; மறுநாள் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் அளவைக் குறைத்து, பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

கேள்வி: வயது 56. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 70 சதவீதம் வரை நாடித்துடிப்பு ஏற வேண்டும் என்கிறது கைக்கடிகாரம். எவ்வளவு நடந்தாலும் அந்த எண் வருவதில்லை. என் பயிற்சி வீணா?

பதில்: வீணில்லை. நாடித்துடிப்பை அடக்கி வைப்பது அந்த மாத்திரையின் வேலைகளுள் ஒன்று. அட்டெனலால் போன்றவையும் அப்படித்தான். 220 சூத்திரம் பொதுவாகவே தோராயமானது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருந்தாது. அதற்குப் பதிலாக, சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த முறையைப் பின்பற்றலாம். உடல் படும் பாட்டை நாமே 6 (சிரமமே இல்லை) முதல் 20 (இதற்கு மேல் முடியாது) வரையான எண்ணால் மதிப்பிடுவது அது. 12, 13 என்று தோன்றும் அளவு உங்களுக்குச் சரியாக இருக்கும். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி பெறுங்கள். கடிகாரம் காட்டும் எண்ணுக்காக மாத்திரையை நீங்களாக விட்டுவிட வேண்டாம். இவ்வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறலாம், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் வரலாம்.