ஒரே வீதி, ஒரே வேகம்: மரதனுக்கு இது போதுமா?

கேள்வி: வயது 36. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன்; நகரில் வங்கி வேலை. கிழமையில் ஆறு நாள் விடியற்காலை நிலாவெளி வீதியில் 10 கிலோமீற்றர் ஓடுகிறேன், சரியாக ஒரு மணி நேரம். ஒக்டோபரில் கொழும்பில் என் முதல் மரதன். இன்னும் 12 கிழமைகள். இரண்டு மாதமாக வேகம் கூடவில்லை. ஓடவே அலுப்பாக இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் உட்பக்கம் வலிக்கிறது. தினமும் தூரத்தைக் கூட்டட்டுமா? 42 கிலோமீற்றரை நினைத்தாலே பயம் பிடிக்கிறது.

பதில்: ஒரு நாளில் மட்டும் கூட்டுங்கள். மற்ற நாள்களுக்குத் தேவை மாற்றம்.

முதலில் உங்கள் சப்பாத்தைப் புரட்டி அடிப்பாகத்தைப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக நம் வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். வாகனங்களை எதிர்கொண்டு எப்போதும் வலது ஓரமாக ஓடினால், போகும்போதும் வரும்போதும் வலது பாதம்தான் பள்ளத்தில் விழும். இரண்டு சப்பாத்தும் இரண்டு விதமாகத் தேய்ந்திருந்தால், உங்கள் வலிக்கு ஒரு காரணம் அந்தச் சரிவாக இருக்கலாம். வலி எலும்பில் ஒரு விரல் நுனி அளவான இடத்தில் குத்தினாலோ, படுத்திருக்கும்போதும் இருந்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். எலும்பில் நுண்வெடிப்பு இருந்தால் அதன்மேல் ஓடக்கூடாது.

அடுத்தது வேகம். மணிக்கு 10 கிலோமீற்றர் என்பது உங்களுக்கு இரண்டுங்கெட்டான் வேகமாகிவிட்டது. உடல் தேறுவதற்கு அது கூடுதல். திறன் உயர்வதற்கு அது போதாது. ஆகவே ஐந்து நாள் ஓட்டம் போதும். அவற்றில் மூன்று நாள், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகக் கதைக்கக்கூடிய அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். பெருமை தடுக்கும், ஆனாலும் மெதுவாகவே ஓடுங்கள். ஒரு நாள் மின்கம்பங்களை எண்ணி ஓடுங்கள்: மூன்று கம்பம் வேகமாக, மூன்று கம்பம் மெதுவாக, இருபது நிமிடம். இந்த முறையை 1930களில் ஸ்வீடன் பயிற்றுநர் கோஸ்டா ஹோல்மர் உருவாக்கினார். பார்ட்லெக் என்ற அதன் பெயருக்கே வேக விளையாட்டு என்றுதான் பொருள்.

வலி தணிந்தபின், மெதுவான நாள்களில் ஒன்றைப் பிரெட்ரிக் கோட்டைக்கு மாற்றுங்கள். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் பக்கமாக ஏறும் பாதையில் நான்கைந்து தடவை நிதானமாக ஏறி, நடந்து இறங்குங்கள். வேகமாக ஓடாமலே கெண்டைக்காலும் தொடையும் உரம் பெறும். விடிகிற நேரம் மான்கள் பாதையைக் கடக்கும். பூசைக்குப் போகிறவர்களும் வருவார்கள். ஓரமாகப் போய் வழிவிடுங்கள். ஆறாவது நாள் கடலுக்குப் போங்கள். இந்த மாதங்களில் உப்புவெளிக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அரை மணி நேர நீச்சல் மூச்சுக்குப் பயிற்சி, காலுக்கு ஓய்வு.

தூரத்தைக் கூட்ட வேண்டிய நாள் ஞாயிறு. 16 கிலோமீற்றரில் தொடங்கிக் கிழமைக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் கூட்டுங்கள். நான்காவது கிழமையும் எட்டாவது கிழமையும் குறைத்து ஓடுங்கள். ஒன்பதாவது கிழமையில் 30ஐத் தொட்டால் போதும். கடைசி மூன்று கிழமையும் படிப்படியாகக் குறையட்டும். அப்போது பயத்தில் ஒரு நீண்ட ஓட்டத்தைச் செருகிவிடாதீர்கள். அந்த நாள்களில் செய்யும் கடும் பயிற்சி போட்டிக்குள் பலன் தராது. களைப்பை மட்டும் தரும்.

இப்போது வீசும் கச்சான் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடும்; எவ்வளவு இழக்கிறீர்கள் என்று தெரியாது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. கொழும்பில் ஈரப்பதன் கூடுதல். வியர்வை உலராது, உடல் இலகுவில் குளிராது. அங்கே இந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். நிறை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்துதான்: இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். தசையிலும் ஈரலிலும் உள்ள மாச்சத்துச் சேமிப்பு பலருக்கு 30 கிலோமீற்றரை ஒட்டித் தீரத் தொடங்கும். மணிக்கு ஒரு வாழைப்பழமோ நான்கைந்து பேரீச்சம்பழமோ சாப்பிட ஞாயிறுகளிலேயே வயிற்றைப் பழக்குங்கள். போட்டியன்று புதிதாக எதுவும் வேண்டாம். சப்பாத்தும் பழகியதாக இருக்கட்டும்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் முதல் மரதனில் 33ஆவது கிலோமீற்றரில் நின்றுவிட்டேன். கால் ஓடியிருக்கும், மிச்சத்தூரம் ஒரே பாலைவனமாகத் தெரிந்ததால் மனம்தான் நின்றது. அதன்பிறகு எதையும் துண்டு துண்டாகத்தான் ஓடுகிறேன். உங்களிடம் அதற்கு ஒரு சொத்து இருக்கிறது. 32 என்ற பலகையைக் கடக்கும்போது எஞ்சியிருப்பது 10 கிலோமீற்றர் சொச்சம், அலுத்துப்போன உங்கள் நிலாவெளி வீதி. ஞாயிறு நீண்ட ஓட்டத்தின் கடைசிப் பகுதியை இனி அந்த வீதியில் வைத்துக்கொள்ளுங்கள். யுத்த மயானத்தின் வெள்ளைக் கற்கள், சாம்பல்தீவுப் பாலத்தில் முகத்தில் படும் உப்புக் காற்று, திரும்பும் இடம், வீட்டு ஒழுங்கையின் முனை என்று களைத்த காலோடு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் அந்தப் பலகை வந்ததும், மயானத்தில் இருந்து எண்ணத் தொடங்குங்கள்.