கவுன்சலிங்கா, கோச்சிங்கா? ஒரு புதிய மேலாளரின் குழப்பம்

கேள்வி: எனக்கு வயது 41. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஷிப்ட் இன்சார்ஜாக இருந்த என்னை 8 மாதங்களுக்கு முன் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே 6 சூப்பர்வைசர்கள். தவறு செய்தவரிடம் நேராகச் சொல்ல வரவில்லை. அவர் வேலையையும் நானே இழுத்துப்போட்டுக்கொண்டு இரவு 9 மணிக்கு வீடு திரும்புகிறேன். காலைக் கூட்டத்தில் மேலதிகாரி குரலை உயர்த்தினால் தொண்டை அடைத்துவிடுகிறது. பதில் கையிலிருக்கும் தாளிலேயே இருக்கும்; வாயில் வராது. சிறுவயதில் அப்பா முன்னால் நின்றதுபோல் இருக்கும். நிறுவனம் ஒரு கோச்சிடம் 8 அமர்வுகளுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. மனைவியோ கவுன்சலிங் போகச் சொல்கிறார். இரண்டும் ஒன்றா? இரண்டுக்கும் சேர்ந்து போகலாமா? நான் பேசுவது நிறுவனத்துக்குத் தெரியுமா?

பதில்: நம் ஊரில் இந்த இரண்டு சொற்களுக்கும் நேர்ந்த கதியே வேறு. கவுன்சலிங் என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் பிடிப்பது. கோச்சிங் என்றால் நீட் தேர்வுக்காகப் பிள்ளைகளை விடுதியில் அடைப்பது. ஆகவே நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை.

இரண்டும் ஒன்றல்ல, ஆனால் உறவுக்காரர்கள். கவுன்சலிங்கில், வந்தவருக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதையே ஒரு முறையாக வளர்த்தவர் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், அது 1940களில். 1970களில் டிம் கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர், வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைவிட ஆடுபவரின் தலைக்குள் ஓடும் பேச்சுதான் பெரிய எதிராளி என்று கண்டார். அதைக் கோச்சிங் என்று அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர், முன்னாள் கார் பந்தய வீரர். இலக்கு என்ன, இப்போதைய நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறீர்கள் என்று அவர் பரவலாக்கிய நான்கு கேள்விகளைத்தான் உங்கள் கோச்சும் ஏதோ ஒரு வடிவில் கேட்பார்.

‘கவுன்சலிங் கடந்த காலத்துக்கு, கோச்சிங் எதிர்காலத்துக்கு’ என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதர்களை அப்படி நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. நான் பார்ப்பது வேறு: தடுமாறி நிற்கும் அந்த நிமிடத்தில் உங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் முடியவில்லையா? முதலாவதற்குக் கோச் பயன்படுவார். இரண்டாவதற்குக் கவுன்சலிங் தரும் உளவியல் ஆலோசகர் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. நேற்றுவரை ஒரே மேசையில் டீ குடித்தவரிடம் இன்று குறை சொல்வது எப்படி என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பதவி மட்டும் வந்தது. இது பழகாத திறமை, பழகினால் வரும். மேலதிகாரி முன்னால் தொண்டை அடைப்பது அப்படியல்ல. அங்கே பதில் உங்கள் கையில் இருக்கிறது, உடம்புதான் மறுக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இழை ஓடுகிறதோ என்றும் எனக்குச் சந்தேகம். சூப்பர்வைசரைக் கண்டித்தால் நாமும் அந்தக் குரலாக மாறிவிடுவோமோ என்ற பயமாக இருக்கலாம். ஒரு கடிதத்தை வைத்து இதற்குமேல் சொல்வது ஜோசியம்.

இரண்டையும் சேர்த்து எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒரே சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு லைனில் ரிஜெக்‌ஷன், அதாவது தரம் சரியில்லை என்று ஒதுக்கப்படும் பாகங்களின் எண்ணிக்கை, ஏறுகிறது. அந்த சூப்பர்வைசரிடம் பேச வேண்டும். கோச்சின் அறையில் அந்தப் பேச்சைத் தயார் செய்வீர்கள். நான் கண்டது இது, அதன் விளைவு இது, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், மறுபடி எந்த நாளில் பார்ப்போம். பத்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். கோச் சூப்பர்வைசராக நடிப்பார், நீங்கள் பேசிப் பார்ப்பீர்கள். செவ்வாய்க்கிழமை பேசுவதாக ஒப்புக்கொள்வீர்கள்.

செவ்வாய் போய்விடும், பேசியிருக்க மாட்டீர்கள். இந்த இடத்தில்தான் கோச்சின் தரம் தெரியும். சாதாரண கோச் ‘உறுதி போதவில்லை’ என்பார். நல்லவர், சூப்பர்வைசரை நோக்கி நீங்கள் நடக்கத் தொடங்கும் முன் என்ன நடந்தது என்று கேட்பார். பதிலில் அப்பா வந்தால், கண் கலங்கினால், அங்கேயே நிறுத்தி, இதை ஆலோசகரிடம் கொண்டுபோங்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலோசகரின் அறையில் அந்த ஒரு நிமிடத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பீர்கள். எந்த எண்ணம் முதலில் வந்தது, உடம்பில் எங்கே இறுகியது, அப்போது உங்களுக்கு எத்தனை வயதுபோல் இருந்தது. ‘சொன்னால் அவன் என்னை வெறுத்துவிடுவான்’ என்று ஓர் எதிர்பார்ப்பு வெளியே வரும். அதைத் தாளில் எழுதிவைத்து, பேசி முடித்த பிறகு உண்மையில் நடந்ததோடு ஒப்பிடச் சொல்வார். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வளர்த்த, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையில் (சி.பி.டி.) இது வழக்கமான பயிற்சி. அந்தச் சோதனைக்கு இடம் எங்கே? கோச் கொடுத்த அதே செவ்வாய்க்கிழமைப் பேச்சுதான். ஓர் அறையில் முடிச்சைக் கண்டுபிடிக்கிறீர்கள், இன்னோர் அறையில் போடும் திட்டத்தில் அது அவிழ்ந்ததா என்று பார்க்கிறீர்கள். சேர்த்துப் போவதன் பலன் இதுதான். தனித்தனியாக விட்டால், ஆலோசனை பேச்சோடு நின்றுவிடும், கோச்சிங் தீர்மானங்களின் பட்டியலாகிவிடும்.

ஆனால் ஒரே ஆள் இரண்டையும் செய்யலாமா? இரண்டிலும் முறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நானும் இரண்டையும் செய்கிறேன். உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன். காரணம் பணம். கோச்சுக்குச் சம்பளம் தருவது நிறுவனம்; அங்கே நீங்கள் இருவர் மட்டும் இல்லை, மூன்றாவதாக ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதில் எச்.ஆர். உட்கார்ந்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவும் இலக்குகளும் பொதுவான முன்னேற்றமும் அவர்களுக்குப் போவது வழக்கம். நீங்கள் பேசியது போகக்கூடாது. எது போகும், எது போகாது என்பதை முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். ‘என் மேலதிகாரி உங்களை அழைத்து என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ என்றும் கேளுங்கள். கோச் மென்று விழுங்கினால், அந்த அறையில் அப்பாவைப் பற்றிப் பேசாதீர்கள்.

ஆலோசகருக்கு உங்கள் கைக்காசைக் கொடுங்கள். மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. இருவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருந்தால் அது உங்கள் எழுத்து அனுமதியோடுதான். பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. எதை அங்கிருந்து இங்கே கொண்டுபோவது என்று நீங்களே தீர்மானிப்பதும் ஒரு பயிற்சிதான்.

ஆளைத் தேடும்போது எச்சரிக்கை. இந்தியாவில் யார் வேண்டுமானாலும் தன்னைக் கோச் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாள் பட்டறை முடித்துவிட்டு விசிட்டிங் கார்டில் இரண்டு சொற்களையும் அச்சடித்துக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தரும் சான்றுகளில் அடிநிலைக்கே 100 மணி நேர அனுபவம் வேண்டும், அடுத்த நிலைக்கு 500. மருத்துவ உளவியலாளர் (கிளினிகல் சைக்காலஜிஸ்ட்) என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண் கேளுங்கள். ஆலோசகர் என்றால் உளவியலில் முதுகலைப் பட்டமும், மூத்தவரின் மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும் உண்டா என்று விசாரியுங்கள். இருவரிடமுமே, ‘இது என் வேலையல்ல என்று கடைசியாக யாரை, எப்போது வேறிடம் அனுப்பினீர்கள்?’ என்று கேட்கலாம். அப்படி ஒருவரைக்கூட அனுப்பாதவரிடம் நான் போகமாட்டேன்.

இன்னொன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால், எதிலும் நாட்டம் இல்லாவிட்டால், தூங்குவதற்காகக் குடித்தால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், கோச்சிங்கைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம்; எந்த நேரமும் தமிழில் பேசலாம். சாப்பிடும்போதும் தொண்டை அடைக்கிறதென்றால் அது காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டியது.

உங்கள் மேலதிகாரி எல்லோரையும் தினமும் அவமானப்படுத்துகிறவராகவும் இருக்கலாம். அப்படியென்றால் கோளாறு உங்கள் தொண்டையில் இல்லை. அதைச் சகித்துக்கொள்ளப் பழக்குவது எந்த ஆலோசகரின் வேலையும் அல்ல. புகார் செய்வதா, பிரிவு மாறுவதா, வேறு வேலை தேடுவதா என்று கோச்சிடம் பேசலாம்.

‘தன்னம்பிக்கை வளர வேண்டும்’ என்று கோச்சிடம் இலக்கு வைக்காதீர்கள். அதை அளக்க முடியாது. இந்த வாரம் சூப்பர்வைசர்களின் வேலைகள் எத்தனையை நீங்கள் செய்தீர்கள் என்று எண்ணுங்கள், 3 மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். முதல் அமர்வை 3 வாரம் தள்ளிவைக்கக் கேளுங்கள். ஆடிட் வேலை இருக்கிறது என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். அதற்குள் ஆலோசகரை மூன்று முறை பார்த்துவிடலாம். போகும் முன் மனைவியிடம், கவுன்சலிங் போகச் சொல்லும் அளவுக்கு வீட்டில் என்ன கண்டார் என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.