இன்டேக் மேனிஃபோல்டு ஸ்பேசர்: எந்தப் பொருள், எத்தனை மி.மீ.?

இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் சூடு, காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஏறாமல் தடுக்க, இரண்டுக்கும் நடுவே வைக்கும் தகடான ஸ்பேசரை எதில் செய்வது, எவ்வளவு தடிமன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலுமினியம் வேண்டவே வேண்டாம். அதன் வெப்பக் கடத்துதிறன் சுமார் 200 வாட்/மீ.கெல்வின், பினாலிக் எனப்படும் பேக்கலைட் தகட்டுக்கு 0.3 அளவுதான். கணக்குப் போட்டால், 3 மி.மீ. பினாலிக் 2 மீட்டர் அலுமினியம் அளவுக்குச் சூட்டைத் தடுக்கும்! டெஃப்லானும் நன்றாகத் தடுக்கும். ஆனால் போல்ட் அழுத்தத்தில் நாளடைவில் பிதுங்கிவிடும், பிடிப்பு தளர்ந்து காற்று கசியும். நைலான் ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் இளகும். பினாலிக், இல்லையென்றால் ஜி10 கண்ணாடியிழை எபாக்சி, இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். ஜி10-ஐ அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தடிமன் 6 மி.மீ. போதும். அதற்கு மேல் ஏற்றினாலும் போல்ட் வழியாகவும் பானெட்டுக்குள் தேங்கும் காற்றாலும் சூடு வரத்தான் செய்யும். தடிமன் கூடும் அளவுக்கு போல்ட்டும் நீளமாக வேண்டும். பானெட் இடிக்கிறதா, த்ராட்டில் கேபிள் இழுபடுகிறதா என்று பாருங்கள். வி வடிவ இன்ஜினில் இருபுறமும் ஸ்பேசர் வைத்தால் துளைகளே நேர்கோட்டிலிருந்து விலகும். அங்கே கூடுதல் கவனம் தேவை.

ஸ்பேசரின் இருபக்கமும் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்புத் தகடு) வையுங்கள். காற்று போகும் துளையின் விளிம்பில் விரலை ஓட்டும்போது படி தட்டக்கூடாது.

நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் பலன் நன்றாகத் தெரியும். வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் காற்றுக்குச் சூடேற நேரமே இருக்காது.