பழைய சிஎன்சி ரூட்டரில் (கணினி ஓட்டும் மரவெட்டு இயந்திரம்) லேசர் தலையைப் பொருத்தினோம். விளிம்பு அலை அலையாக வருகிறது, மூலை கருகுகிறது. சர்வோ மோட்டாரை மாற்ற வேண்டுமா?

சர்வோவுக்கு இப்போதே பணத்தைக் கொட்டாதீர்கள். மரம் வெட்டிய ரூட்டரில் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு ஃபைபர் லேசர் தலையை ஏற்றியிருக்கிறீர்கள்; நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் 1 மிமீ தகடு வெட்டுகிறீர்கள். கோவையில் எங்கள் பட்டறையிலும் இதே மாற்றத்தைச் செய்தோம். முதல் தகட்டைப் பார்த்த அன்று நாங்களும் மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டோம். அது தவறு.

ரூட்டரில் 6 மிமீ கட்டர் பலகைக்குள் அழுந்திக்கொண்டே ஓடும்; மரத்தின் எதிர்ப்பே கேன்ட்ரியின் (தலையைத் தாங்கி நகரும் குறுக்குப் பாலம்) நடுக்கத்தை ஓரளவு அடக்கிவிடும். லேசரில் அந்த எதிர்ப்பு கிடையாது. வெட்டுத்தடமும் மிமீயில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். இயந்திரத்தில் எத்தனையோ வருடமாக இருந்த நடுக்கம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த அலையை முதலில் அளந்துவிடுங்கள். ஒரு நேர்க்கோட்டை 6 மீட்டர் வேகத்திலும், அதே கோட்டை 3 மீட்டரிலும் வெட்டுங்கள். விளிம்பை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, பத்து அலைகளின் மொத்த நீளத்தை வெர்னியரில் எடுத்துப் பத்தால் வகுங்கள். வேகம் மாறியும் இடைவெளி மாறவில்லை என்றால் கோளாறு கேன்ட்ரியை நகர்த்தும் பற்களிலோ ஸ்க்ரூவிலோ இருக்கிறது. எங்களுக்கு இரண்டு வேகத்திலும் 3.9 மிமீ வந்தது. எங்கள் ரேக் (பல் வெட்டிய நீளச் சட்டம்) 1.25 மாட்யூல் (பல்லின் அளவு), நேர்ப்பல். பல்லுக்குப் பல் 3.93 மிமீ. அதில் உருளும் பல்சக்கரமான பினியனை ரேக்கில் அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருந்தார்கள். சற்றுத் தளர்த்தி, டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் சரிசெய்ததும் அந்த அலை மறைந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

மிஞ்சியது இன்னொரு அலை. மூலை திரும்பியதும் பெரிதாகத் தொடங்கி நாலைந்து அலைகளில் ஓய்ந்துவிடும். இது 6 மீட்டரில் 5 மிமீ, 3 மீட்டரில் 2.5 மிமீ. அதாவது வேகம் எதுவானாலும் நொடிக்கு 20 ஆட்டம்: கேன்ட்ரியின் சொந்த ஆட்டம். முடுக்கம் ஒரே அடியாக ஏறி இறங்கும்போது அது எழும்புகிறது. உங்கள் கன்ட்ரோலரில் முடுக்கத்தைப் படிப்படியாக ஏற்றும் ஜெர்க் அல்லது எஸ்-வளைவு அமைப்பு இருந்தால், முடுக்கம் ஏறி முடியும் நேரத்தை ஓர் ஆட்டத்தின் நேரத்துக்குச் சமமாக வையுங்கள். எங்களுக்கு அது 50 மில்லிநொடி. ஆட்டம் பெரும்பாலும் எழும்பாமலே போகும். அந்த அமைப்பு இல்லையென்றால் முடுக்கத்தையே குறைக்க வேண்டியதுதான். ஸ்பிண்டில் போனதால் எடை குறைந்திருக்கும், ஆகவே சர்வோ டியூனிங்கையும் புதிதாகச் செய்யுங்கள்.

மூலை கருகுவது தனிக் கதை. 10 மீட்டர் என்பது நொடிக்கு 167 மிமீ. முடுக்கம் நொடிக்கு நொடி 2000 மிமீ என்றால், நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தை எட்டவே 7 மிமீ ஓட வேண்டும். 10 மிமீ துளையைச் சுற்றும்போது 6 மீட்டருக்கு மேல் போகவே முடியாது. திரையில் நீங்கள் போட்ட வேகம் வேறு, தலை உண்மையில் ஓடும் வேகம் வேறு. பவர் மட்டும் 10 மீட்டருக்கு உரியதாகவே நின்றால் மூலை உருகாமல் என்ன செய்யும்? உண்மையான வேகத்தோடு பவரைக் கட்டிவிடுங்கள். ஜிஆர்பிஎல் 1.1 என்ற கன்ட்ரோலர் மென்பொருளின் லேசர் முறையில், எம்3 கட்டளைக்குப் பதில் எம்4 இதைத்தான் செய்கிறது. லினக்ஸ்சிஎன்சி என்ற இன்னொரு மென்பொருளில் எம்67 கட்டளை பவர் மாற்றத்தை நகர்வோடு சேர்த்தே செய்யும், எம்68 உடனடியாகச் செய்துவிடும். ஆனால் வேகத்துக்கேற்ப பவரைக் குறைக்கும் கணக்கை நீங்கள்தான் தனியாக அமைக்க வேண்டும். பவரைப் பூஜ்யம் வரை இறக்காதீர்கள். தகடு அறுபடும் குறைந்தபட்ச அளவைச் சோதித்து அங்கே நிறுத்துங்கள். ஆக்சிஜனில் வெட்டினால் இரும்பே எரிந்து சூடு தருவதால் பவரைக் குறைப்பது மட்டும் போதாது. அங்கே லேசரை விட்டு விட்டு அடிக்கும் பல்ஸ் முறைக்கு மாறுங்கள்.

ஜி-கோடையும் (இயந்திரம் படிக்கும் கட்டளைக் கோப்பு) ஒருமுறை திறந்து பாருங்கள். வளைவுகள் 0.1 மிமீ துண்டுக் கோடுகளாக உடைந்திருந்தால், உங்கள் வேகத்தில் நொடிக்கு 1,600-க்கு மேல் துண்டுகள் வரும். பல கன்ட்ரோலர்கள் அங்கே திணறி, விட்டு விட்டு ஓடும். அவற்றை ஜி2, ஜி3 வளைவுகளாக மாற்றி, பாதையை மென்மையாக்கும் ஜி64 கட்டளையில் 0.05 மிமீ விலகல் கொடுத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ரூட்டர் திறந்த மேசை. ஃபைபர் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, இமையும் தானாக மூடாது. தெறித்து வரும் ஒளியே விழித்திரையைச் சுட்டுவிடும். சுற்றிலும் அந்த அலைநீளத்துக்கான அடைப்பு வேண்டும். கதவு திறந்தாலும், சர்வோ பிழை காட்டி நின்றாலும் லேசர் அணைய வேண்டும், அதுவும் மென்பொருளை நம்பாமல் ரிலே வழியாக. இது முடியும்வரை தயவுசெய்து வெட்டாதீர்கள்.

அடைப்பு முடிந்து இரண்டு வேகத்திலும் வெட்டியதும், அலை இடைவெளியையும் ரேக்கின் மாட்யூலையும் இங்கே எழுதுங்கள். பல்லா, கேன்ட்ரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.